மழைமேல் போட்ட பழி

"இந்தச் சூட்டுல இவ எத்தனை நாள் தாக்குப்பிடிப்பா?" என்று ஒரு காலத்தில் முணுமுணுத்தவர்களே, இப்போது இரும்பு உருக்கும் ஊதுலையின் கட்டுப்பாட்டு அறைக்கு வந்து அவளிடம் சந்தேகம் கேட்டார்கள். வேலை, சமையல், மகளின் வீட்டுப்பாடம் போக மிஞ்சிய நேரத்தில் அவள் மேற்பார்வையாளர் தேர்வுக்குப் படித்தாள். பேருந்தில் தொங்கிக்கொண்டே கைப்பேசியில் ஓர் இணையதளத்தைப் படிப்பாள். கல்கரி எனும் கோக் எரிந்து கார்பன் மோனாக்சைடு ஆவதும், அது இரும்புத் தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்வதும் அதில் கதைபோல எழுதியிருந்தது. தேர்வு எழுதும் எல்லோருக்கும் அவளே அதை அனுப்பிவைத்தாள்.

அன்று அடைமழை. உலை உச்சியிலிருந்து வரும் வாயுவில் ஹைட்ரஜன் ஏறத் தொடங்கியது.

"என்னடா இது, ஏறிக்கிட்டே போகுது?" என்றாள், பக்கத்து இருக்கைக்காரனிடம். அவனும் அதே தேர்வுக்குப் படிப்பவன்.

"மழைதான் அக்கா. காத்துல ஈரம். நீங்க அனுப்புனதுலயே போட்டிருக்கே, மழை நாள்ல இப்படித்தான், பயப்பட ஒண்ணுமில்லைன்னு."

வாஸ்தவம்தான். அவளும் அதைத்தான் மனப்பாடம் செய்திருந்தாள். தேநீரை எடுத்தாள். எண் இன்னும் ஏறியது. தேநீரைக் கீழே வைத்தாள்.

மழைதான் காரணமென்றால் உலைக்குள் ஊதும் காற்றின் ஈரமும் கூடியிருக்க வேண்டுமே? அந்த அளவியைப் பார்த்தாள். அது காலையில் நின்ற இடத்திலேயே நின்றது. தண்ணீர் வேறு வழியாக உள்ளே போகிறது. பழுக்கக் காய்ந்த கல்கரியில் நீராவி பட்டால் ஹைட்ரஜன் பிரியும். விட்டால் உலை குளிர்ந்து இறுகும், இல்லையேல் வெடிக்கும். கீழே ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"செம்பு மூக்குத் தண்ணியப் பாரு. போற அளவு திரும்பி வருதா?"

உலைக்குள் காற்றை ஊதும் செம்பு முனைகளை அங்கே மூக்கு என்பார்கள். உருகாமலிருக்க அவற்றுக்குள் தண்ணீர் ஓடும்.

அவன் ஒவ்வொன்றாகத் திரையில் தட்டினான். முகம் வெளிறியது. "அக்கா, ஒண்ணுல பாதிதான் திரும்புது."

எச்சரிக்கை மணி ஏன் அடிக்கவில்லை என்பது பிறகு தனி விசாரணையானது. அவள் ஒலிபெருக்கியில் ஆட்களை வெளியேறச் சொன்னாள். காற்றைப் படிப்படியாகக் குறைத்தாள். உடனே தொலைபேசி அலறியது.

"யாரைக் கேட்டுக் காத்தைக் குறைச்சே?" என்றார் மேலாளர்.

"மூக்கு ஓட்டை சார். தண்ணி உள்ள போகுது. ஏத்தித்தான் ஆகணும்னா நீங்களே வந்து ஏத்துங்க."

"அந்த மூக்குக்குப் போற தண்ணியைக் குறைச்சு வை. வர்றேன்," என்றார்.

உலையை நிறுத்திக் கழற்றிய மூக்கில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. யாருக்கும் கீறல்கூட இல்லை.

வீட்டுக்குப் போகும் பேருந்திலேயே, தேர்வுக்குப் படிப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு எழுதினாள்: நான் அனுப்பிய இணையப் பக்கம் சொல்வது பாதி உண்மை, மழை என்றால் காற்றின் ஈரத்தையும் பாருங்கள்.

"நீங்கதானே அக்கா நல்லா இருக்குன்னு அனுப்புனீங்க?" என்று ஒருவன் கேட்டான்.

"ஆமா, நான்தான். சரிபார்க்காம அனுப்பிட்டேன்."

இணையதளத்துக்கும் எழுதினாள். "உங்கள் ஆதரவுக்கு நன்றி" என்று பதில் வந்தது. பக்கம் மாறவில்லை.

அதைப் படிப்பதை அவள் நிறுத்தவுமில்லை. ஆனால் பக்கத்தில் தொழிற்சாலைக் கையேடும் விரிந்திருந்தது.

"ஒரு பக்கத்துக்கு இவ்வளவு நேரமா?" என்றான் கணவன்.

"படிக்கலை. இதோட சண்டை போட்டுக்கிட்டிருக்கேன்," என்றாள்.