கிளாம்புக்குள் சந்தனம்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காரின் பானெட்டைத் திறந்தபோது, சந்தனமும் பேட்டரி ஆசிடும் கலந்த வாசனை வந்தது. எனக்கு முகம் சுட்டது. கும்மிடிப்பூண்டியில் இப்போது கன்டெய்னர்கள் அடுக்கியிருக்கும் இடத்தில்தான், எழுபதுகளில் என் நைனாவின், என் அப்பாவின், தகர மெக்கானிக் ஷெட் இருந்தது.

பூஜையன்று அங்கே ஸ்பேனர் சத்தம் கேட்காது. கிரீஸ் மணத்தின் மேல் சாம்பிராணி படிந்திருக்க, சாமி படத்தின் முன் மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டர் செவ்வந்தி சூடி உட்கார்ந்திருக்கும். மறுநாள்வரை அதைத் தொடக்கூடாது. அப்படியொரு மாலையில், பழவேற்காட்டு மீனவர் ஒருவர் காய்ச்சலில் துவண்ட மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி கேட்டு வந்தார். நைனாவின் பழைய கார் கிளம்பவில்லை. தள்ளியும் பார்த்தார்கள்.

"மீட்டர வச்சிப் பாத்தாதான் தெரியும். அது சாமியாண்ட கீதே," என்று நைனா தயங்கினார்.

"கொழந்தைக்குக் கண்ணு சொருவுது, நீ இன்னாய்யா சாமின்னுகினு கீற!" அம்மா மீட்டரைப் பூவோடு தூக்கி வந்தாள்.

நைனா சாவியைத் திருப்பச் சொல்லி அளந்தார். பேட்டரி முனையில் வைத்தபோது நிமிர்ந்து நின்ற மீட்டர் முள், அதைக் கவ்வியிருந்த கிளாம்பில் வைத்ததும் படுத்துவிட்டது. கிளாம்பைக் கழற்றினால், முனையெங்கும் காய்ந்த சந்தனம். காலையில் பயபக்தியோடு நைனாவே பூசி மாட்டியது. துடைத்ததும் கார் கிளம்பியது. எதுவும் புரியாத மீனவர் நைனாவைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

குழந்தை பிழைத்தது. வருஷாவருஷம் பூஜைக்கு அவர் இறால் கூடையோடு வந்து, "அண்ணன் கீறாரா பாப்பா?" என்பார். பழுதே இல்லாத வண்டிக்கு அடியில் நைனா போய்ப் படுத்துக்கொள்வார். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அவர் கால்களைப் பார்க்காமல் நான் சொல்வேன்: "வெளிய போய்க்கீறாரு."