ஜூன் மாதத்துக்குக் கேக் இல்லை

"...இந்த மாசம் கேளு, அடுத்த மாசம் கேளு, கண்ணு முழிச்சினாவது செஞ்சி குடுக்கறேன். ஜூன்ல மட்டும் வாணாம் தம்பி. வேற எங்கனா சொல்லி வச்சிக்கோ" என்றார் எஸ்தர் அக்கா. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு, ஏற்கெனவே வரிசையாக இருந்த முட்டை பப்ஸ்களை மறுபடியும் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஒரு பேக்கரிக்காரர் ஒரு பிறந்தநாள் கேக் ஆர்டரை வேண்டாம் என்கிறார், அவ்வளவுதானே. நம் கோவில்பட்டிப் பக்கம் எங்கள் காலத்தில் பிறந்தநாளுக்குப் புதுச் சட்டை, வகுப்பில் எல்லோருக்கும் மிட்டாய், அதோடு முடிந்தது. ஆனால் என்னைப்போல் சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்துக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் தொழிற்சாலை வேலைக்கு வந்து, கம்பெனி பஸ்ஸில் தூங்கி எழுந்து பழகியவர்கள் இந்நேரம் பக்கத்து லைன்காரருக்குப் போன் போட்டிருப்பார்கள். இங்கே கேக் என்பது தின்பண்டம் அல்ல, தகவல். பாதுகாப்பு வாரம் என்றால் கேக், ஆடிட் முடிந்தால் கேக், புது மெஷின் வந்தால் அதற்கும் கேக். எல்லாவற்றையும்விட அதிகமாக, வேலையை விட்டு ஆளை அனுப்புவதற்குக் கேக். பக்கத்து லைனில் வேலை பார்த்த ஒருவர் சாயங்காலம் பன் வாங்க வந்தபோது, மூடாத அட்டைப் பெட்டி ஒன்றில் தன் சூப்பர்வைசர் பெயரும் அதன்கீழ் 'ஆல் த பெஸ்ட்' என்றும் கிரீமில் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டார். சூப்பர்வைசருக்கே அது மறுநாள்தான் தெரிந்தது. கொஞ்ச நாளில் அந்த லைனே கழன்று வேறு மாநிலத்துக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து எங்களுக்கெல்லாம் எச்.ஆர். அறைக் கதவைவிட எஸ்தர் அக்காவின் கேக் மேஜை மேல்தான் கண். நானும் போகும்போதெல்லாம் விசாரிப்பேன், இது யாருக்குக்கா, அது எந்தக் கம்பெனிக்குக்கா என்று. "உனுக்கா? இல்லல்ல. பன்னு வாங்கினியா, போய்கினே இரு" என்பார்.

கடைக்கு முன்னால் பெரிய பெயர்ப்பலகை உண்டு. அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. 'அக்கா கடை' என்றால்தான் ஆட்டோக்காரருக்கும் தெரியும். ஷிப்ட் முடிந்து வரும்போது பஸ் அந்த வளைவில் திரும்பினால் போதும், உருகிய வெண்ணெய் வாசனை ஜன்னல் வழியாக ஏறிக்கொள்ளும். வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறவன் வாயை மூடிக்கொண்டு எழுவான். கடையை நேசிக்கிறோம் என்பதற்காக நம்பிவிடுகிறோம் என்று அர்த்தமில்லை. அந்தக் கடையின் ஒவ்வொரு பண்டத்தைப் பற்றியும் எங்கள் அறையில் ஒரு சந்தேகம் உண்டு. ஜாம் ரோலில் இருப்பது எந்தப் பழம் என்று இந்த ஆறு வருடத்தில் ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. அக்காவிடமே கேட்டேன். "செவப்புப் பழம்" என்றார். ஹனி கேக்கின் நிறம் திங்கட்கிழமை ஒன்றாகவும் வெள்ளிக்கிழமை வேறாகவும் இருக்கும். "முட்டை பப்ஸ்ல பாதி முட்டை, பாதி நம்பிக்கை" என்று தேனிக்காரர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனதை இன்றும் சொல்லிச் சிரிக்கிறோம். என் அறையில் தங்கியிருக்கும் ஒடிசாக்காரர் பிகாஷுக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும், ஆனால் தீர்ப்பு சொல்ல அது போதும். "ரஸ்க் குட் அண்ணா. பிரெட் டவுட்" என்பார். நேற்று விற்காத பிரெட்தான் இன்றைய ரஸ்க் என்று அவருக்குத் தெரியாது. சொல்லி அந்த ஒரு நம்பிக்கையையும் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். தேங்காய் பன்னை மட்டும் யாரும் குறை சொன்னதில்லை. வகுந்தால் உள்ளே தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் ஈரமாக மினுங்கும். சந்தேகப்பட ஒன்றும் கிடைக்காததாலேயே அதை இரண்டு தடவை முகர்ந்துவிட்டுத் தின்பேன்.

வந்த புதிதில் ஒருநாள் ஊர் ஞாபகத்தில், "வெட்டுக்கேக்கு இருக்காக்கா?" என்று கேட்டுவிட்டேன். நம் பக்கத்தில் எண்ணெய்ச் சட்டியில் வெடித்து மலர்ந்து எழுமே, டீக்கடைப் பாட்டிலுக்குள் இருக்குமே, அது. அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒரு முழு பிளம் கேக்கை எடுத்துக் கத்தியால் துண்டுதுண்டாக வெட்டி, "இந்தா, வெட்டிட்டேன், போதுமா?" என்று தட்டில் வைத்தார். வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் அத்தனையையும் வாங்கிக்கொண்டு போனேன். ஒரு வாரம் அறையில் எல்லோருக்கும் பிளம் கேக்தான். இந்த ஊரில் முதன்முதலாக நாலு பேர் என்னிடம் நின்று பேசியது அந்த வாரத்தில்தான்.

இனி ஜூன் மாதத்துக்கு வருகிறேன். மகள் யாழினியும் என் மனைவி முத்துச்செல்வியும் இத்தனை வருடமும் ஊரிலேயே இருந்தார்கள். பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருகிற தகப்பனாகவே இருந்துவிட்டேன். போன தடவை புறப்படும்போது பிள்ளை, "அடுத்து எப்பப்பா வருவீங்க?" என்று கேட்கவில்லை. கேட்காததுதான் என்னைக் குத்தியது. இந்த வருடம் பள்ளி திறக்கும்போது இரண்டு பேரையும் இங்கே அழைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். செல்வி ஊர்ப் பள்ளியில் டி.சி. வாங்குவதற்குச் சொல்லி வைத்தாள். நான் இங்கே ஏரிக்கரைப் பக்கம் ஒரு வீடு பார்த்தேன். ஜூன் முதல் வாரம் பிள்ளைக்குப் பிறந்தநாள். அவள் பிறந்ததிலிருந்து அந்த நாளில் நான் பக்கத்தில் இருந்ததில்லை. அந்தக் கேக்குக்குத்தான் இரண்டு மாதம் முன்னாலேயே, பெயரெல்லாம் சொல்லி, ஆர்டர் கொடுக்கப் போனேன். பதிலைத்தான் முதலிலேயே எழுதிவிட்டேன்.

அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டேன். அக்காவிடம்தான் எல்லாக் கம்பெனி ஆர்டரும் போகிறது. ஜூனில் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. வேலை போகப்போகிறவனிடம் பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஆர்டர் எடுக்க மனசு வராமல் தட்டிவிடுகிறார். இப்படி ஒரு தடவை நினைத்துவிட்டால் போதும், உலகமே சாட்சி சொல்ல வந்துவிடும். மறுநாள் சூப்பர்வைசர் என்னிடம் சிரித்துப் பேசினார், என்றுமில்லாத சிரிப்பு. ஓவர்டைம் குறைந்தது. கேன்டீனில் வடை சின்னதாக இருந்தது. பிகாஷிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "அண்ணா, அக்கா நேத்து எனக்கு எக்ஸ்ட்ரா பிஸ்கட் குடுத்தாங்க" என்றார், கலவரத்தோடு. அக்கா எதையும் எக்ஸ்ட்ராவாகக் கொடுக்கிறவர் அல்ல. அன்று சாயங்காலமே நான் செல்விக்குப் போன் போட்டு, டி.சி. வாங்க வேண்டாம், கொஞ்சம் பொறு என்றேன். காரணத்தைச் சொல்லவில்லை. வேலை போகப்போகிறது என்று ஒரு பேக்கரியில் தெரிந்துகொண்டேன் என்று எப்படிச் சொல்வது?

செல்வி அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "ஆறு வருசமா இல்லாத பொறுமை இப்ப எதுக்கு? அங்கன வேற எவளும் இருக்காளா? இருந்தா சொல்லிருங்க" என்றாள். இல்லை என்று சத்தியம் செய்யச் செய்ய அவளுக்குச் சந்தேகம் கூடிக்கொண்டே போனது. "வீடு பாத்தாச்சுன்னீங்க. இப்ப வராதங்கீங்க. அந்த வீட்ல யாரு இருக்கா?" நான் அக்காவைச் சந்தேகித்தேன், அவள் என்னைச் சந்தேகித்தாள். நடுவில் பிள்ளை எங்கள் சண்டையைப் பற்றி ஒன்றும் கேட்காமல் போனை வாங்கி, "சாப்ட்டீங்களாப்பா?" என்றாள். அடுத்த மாதம் செல்வியே கூப்பிட்டாள். குரலில் கோபம்கூட இல்லை. "அவளுக்கு இங்கயே அடுத்த வகுப்புக்கு எழுதிக் குடுத்திட்டேன். இந்த வருசம் நாங்க வரல. நீங்க நிம்மதியா இருங்க" என்றாள். 

அந்த வேகத்தில்தான் அக்கா கடைக்குப் போனேன். மத்தியான நேரம், கடையில் வேறு ஆள் இல்லை. "அக்கா, ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிருங்க. எங்க லைனுக்கு ஜூன்ல ஃபேர்வெல் கேக் சொல்லியிருக்காங்களா, இல்லையா?"

"இன்னா லைனு? இன்னா கேக்கு?" என்றார். நான் முதலிலிருந்து சொன்னேன். அவர் வாயில் கைவைத்துக்கொண்டு கேட்டார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அடப்பாவி மனுசா. ஜூன்ல கடையே இல்லப்பா! ஓனரு இடத்த வித்துட்டாரு. இடிச்சிட்டு ஆஸ்டல் கட்டப் போறாங்களாம். வரிசையா ரூமு ரூமா. எல்லாம் உன்ன மாரி வர்றவங்களுக்குத்தான்."

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லக்கா?"

"சொல்லுவாங்களா உங்கிட்ட? எப்பப் பாரு இது யாருக்கு, அது எந்தக் கம்பெனிக்குன்னு நோண்டிகினே இருப்ப. கம்பெனிக்காரன் எவனோ உன்ன வேவு பாக்க வுட்டுகிறான்னு நெனச்சேன். கடை போவப் போதுன்னு வெளிய தெரிஞ்சா எவன் ஆர்டர் குடுப்பான்? மாஸ்டருங்க நிப்பாங்களா? அதான் அந்த வடக்கத்திப் பையனுக்குக்கூட ரெண்டு பிஸ்கோத்து போட்டுப் பாத்தேன், எதுனா தெரிஞ்சிகினு வந்துகிறானான்னு. தின்னுட்டுத் தேங்க்ஸ்ன்னுட்டுப் பூட்டான்."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கடையை விட்டுவிட்டு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "இன்னா பண்றது. எதுனா கேன்டீன்ல கேட்டுப் பாக்கணும். நீங்கல்லாம் எங்கிருந்தோ இங்க வந்துட்டீங்க. இங்கியே பொறந்து வளந்தவ, நானும் உங்க கூட கம்பெனி பஸ்ல ஏற வேண்டிதுதான்" என்றார். அப்புறம் சட்டென்று நினைவு வந்தவர்போல, "சரி, பாப்பா எப்ப வருது?" என்றார்.

வரவில்லை என்று சொன்னேன். ஏன் என்பதையும் சொன்னேன்.  அக்கா எழுந்து உள்ளே போய் பிரிட்ஜிலிருந்து பெயர் எழுதாத ஒரு சின்ன வெண்ணிலா கேக்கை எடுத்து வந்தார். காகிதக் கூம்பில் ரோஸ் கிரீமை நிரப்பி, நுனியை வெட்டி, ஒரு சொட்டு தன் கைமேல் விட்டுப் பார்த்துக்கொண்டார். ஆறு வருடத்தில் அந்தக் கடையில் இங்கிலீஷ் எழுத்தைத் தவிர வேறு எதையும் கேக்கில் பார்த்ததில்லை. அக்கா குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தமிழில் 'யாழினி' என்று எழுதினார். ழ-வின் வால் கோணிக்கொண்டு விளிம்பு தாண்டி இறங்கியது. "அக்கா, கிரீமு பத்து மணி நேர பஸ்ஸு தாங்காது. ஊர் போய்ச் சேராதுக்கா" என்றேன். "கேக்கு போவாட்டி இன்னா, நீ போவல்ல?" என்றார். கேக்கைப் பெட்டிக்குள் இறக்கி மூடினார். நாலு பக்கமும் நூலைச் சுற்றி இழுத்துக் கட்டி, மேலே தூக்கிப் போவதற்குத் தோதாக ஒரு வளையம் விட்டு, பல்லால் நூலைக் கடித்து அறுத்தார்.