ஓடு மாற்றுவது யார் பொறுப்பு

எனக்கு அது மூன்றாவது பிரசவம். அம்மா வீட்டுக்குப் போகிற சீரெல்லாம் தலைப்பிள்ளையோடு சரி. இதை ராயபுரத்து வாடகை வீட்டிலேயேதான் பெற்றாக வேண்டும். பெற நான் தயார், வீடுதான் தயாராக இல்லை. நாட்டு ஓடு போட்ட ஒற்றை அறை. ஆவணி மழைக்கே ஆறு இடத்தில் ஒழுகியது. ஒரு பாய் விரிக்க நனையாத இடம் கிடையாது.

அதே கூரையின் முன்பாதியில் வீட்டுக்காரர் குடியிருந்தார். வயதானவர், பெரிய பக்திமான். ஒழுகுகிறது என்று போய் நின்றால், "நீங்க வரசொல்லோ ஓடு நல்லாத்தானே இருந்திச்சு? குடி கீறவங்கதான் பாத்துக்கணும்" என்பார்.

என் புருஷன் துறைமுகத்தில் கலாசி. கப்பல் உயரத்துக்கு ஏறி இறங்குகிறவருக்கு ஓட்டுக் கூரை ஒரு பொருட்டா? ஆனால் சங்கத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவருக்கு எல்லாமே உரிமைப் பிரச்னை.

"வூடு அவுருது, ஓடு அவுருது. இன்னிக்கு நான் ஏறினா நாளிக்கு செவுரு, அப்பால கக்கூஸ் கதவு, எல்லாத்தியும் என் தலைல கட்டுவாரு. ஒரு தபா வுட்டுக் குட்த்தா அதே வயக்கமாப் பூடும்மே."

நியாயம்தான். இரண்டு பேர் பேசியதும் நியாயம்தான். நடுவில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றவள் நான். நியாயத்தை விரித்து அதன்மேல் படுத்தா பிள்ளை பெறுவது?

கார்த்திகை பிறந்தது. வலி இன்றைக்கோ நாளைக்கோ என்றிருந்தது. ஒருநாள் காலை பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராக வீட்டுக்காரர் கூடத்துக்குப் போனேன். சாமி படங்களுக்கு எதிரே விரித்து உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னாம்மா இது?" என்றார்.

"இங்கதான் நைனா ஒழுவாம கீது. பெத்து எட்த்துக்கினு போயிடறேன்."

மனுஷருக்கு முகம் வெளுத்துவிட்டது. தீபத்துக்கு நாலே நாள். பிரசவத் தீட்டு பட்ட கூடத்தில் எப்படி விளக்கேற்றுவது? குடியிருப்பவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிற சட்டம் அந்த நிமிஷமே செத்தது. மத்தியானத்துக்குள் ஆள் பிடித்துக் கூரை மேல் ஏற்றினார். உலகச் சண்டை முடிந்திருந்த சமயம், புது ஓடு எளிதில் கிடைக்காது. தன் சமையலறை ஓட்டைப் பிரித்து என் அறைக்குப் போடச் சொன்னார். அங்கே நாலு ஓலையைப் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைத்தார், பாவம்.

அன்று சாயங்காலமே மகள் பிறந்தாள். வெளியே மழை கொட்டு கொட்டென்று கொட்டுகிறது, என் அறையில் ஒரு சொட்டு விழவில்லை. வீட்டுக்கார அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு சோறு வடிக்கிறாள் என்று மருத்துவச்சி வந்து சொன்னாள். சிரித்தால் வயிறு வலிக்கும் என்று தெரிந்தும் சிரித்தேன்.

மூன்றாம் நாள் காலை, கூரை மேல் யாரோ நடக்கிற சத்தம் கேட்டது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மெல்ல வந்து எட்டிப் பார்த்தேன். என் புருஷன்! யாரிடமோ இரவல் வாங்கிய தார்ப்பாயை வீட்டுக்காரர் சமையலறை மேல் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு வேலைக்குக் கூடப் போகவில்லை. கீழே நின்றுகொண்டு வீட்டுக்காரர், "பாத்துப்பா, வயுக்கப் போவுது" என்று கரிசனமாகச் சொல்கிறார்.

நனைந்த தலையோடு அவர் உள்ளே வந்ததும் கேட்டேன்: "இன்னாய்யா, அது யாரு வூட்டுக் கூர?"

"அவுரு வூட்டுதுதான். பாவம்மே, வயசானவரு, கஸ்டப்படறாரு. இது ரிப்பேரு இல்ல, ஒத்தாசை."

வந்த ஆத்திரத்துக்கு அவரை நாலு கேட்டிருக்க வேண்டும். பாழாய்ப்போன அழுகைதான் வந்தது.

"மூணு மாசமா நானும் அத்தத்தான்யா கேட்டுக்கினு இருந்தேன்" என்றேன்.