ஐரேனின் மஞ்சள் முகம்

ஐரேனுக்கு நாற்பத்தாறு வயது. முகத்துக்கு மட்டும் முப்பத்தைந்து என்று அவளே சொல்லிக்கொள்வாள். சுங்க உத்தியோகம் பார்த்த அப்பாவோடு பத்து வயதில் காரைக்காலிலிருந்து வியட்நாமின் சைகோனுக்கு வந்தவள். அப்பா போனார், பிரெஞ்சுக்காரர்களும் போனார்கள். பென்தான் என்ற பெரிய சந்தைக்குப் பின்னால் ஒரு மாடி அறை, தையல் இயந்திரம், பிரெஞ்சுப் பேச்சு மூன்றும் அவளோடு தங்கிவிட்டன. பெண் பார்க்க வந்த இருவரையும், சூப்பைச் சத்தமாக உறிஞ்சினார்கள் என்று அவளே திருப்பி அனுப்பிவிட்டாள்.

1961-ல், பிரெஞ்சுப் பட்டாளத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற காரைக்கால்காரர் ஆந்துவான், ஞாயிறு பூசை முடிந்து பெண் கேட்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். மனைவியை இழந்தவர், மரியாதையான மனிதர். இவருக்குச் சரி சொல்லிவிடுவது என்று ஐரேன் தீர்மானித்துவிட்டாள். சூப் விஷயத்தை விசாரிக்கக்கூட இல்லை.

அந்தச் சந்தோஷத்தில் சீனர்கள் கடைவீதியான சோலோனுக்குப் போய் முகம் வெளுக்கும் களிம்பு ஒன்று வாங்கி வந்தாள். ஒரே நாளில் கன்னமெல்லாம் சிவந்து தடித்து, அரிப்புத் தாங்கவில்லை. மாரியம்மன் கோயிலுக்குப் பூக்கட்டும் கீழ்வீட்டு அலமேலு, பச்சை மஞ்சளை அரைத்துத் தேங்காயெண்ணெயில் குழைத்துக் கொடுத்தாள். மஞ்சளெல்லாம் பட்டிக்காட்டு வைத்தியம் என்று மூக்கைச் சுளிக்கிறவள் ஐரேன். இந்த முறை கிண்ணத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

நான்கு நாள் ஜன்னலில் நின்று பார்த்ததோடு சரி, வெளியே தலைகாட்டவில்லை. அரிப்பு நின்றது, தடிப்பு வற்றியது. மஞ்சள் நிறம் மட்டும் எந்தச் சோப்புக்கும் மசியவில்லை.

சனிக்கிழமை காலை எதிர்வீட்டு வியட்நாம் அம்மாள் பா ஹாய், பப்பாளிக்காயும் பன்றிக்காலும் போட்ட சூப்போடு வந்து, கொசுவலைக்குள் ஆசையாக எட்டிப் பார்த்தாள். அப்போதுதான் ஐரேனுக்கு உறைத்தது. அந்த ஊர்ப் பெண்கள் பிள்ளை பெற்றதும் முகத்தில் மஞ்சள் பூசிக்கொண்டு ஒரு மாதம் வீட்டோடு இருப்பார்கள். பால் சுரக்க இந்தச் சூப்பைத்தான் கொடுப்பார்கள். முப்பத்தாறு வருஷமாகப் பார்த்த வழக்கம், தன் முகத்தில் பூசும்போது நினைவுக்கு வரவில்லை!

பிள்ளையும் இல்லை குட்டியும் இல்லை, தோல் வியாதி என்று மூன்று தடவை சொன்னாள். பா ஹாய் அவள் கையைத் தட்டிக்கொடுத்து, வெட்கப்படாதே, தெருவில் யாரும் தப்பாக நினைக்கவில்லை என்றாள். தெரு முழுக்கத் தெரியும் என்றதும் ஐரேனுக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தாள். வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக வந்த ஆந்துவானைப் பெண்கள் சூழ்ந்துகொண்டு மேலே கைகாட்டினார்கள். அவர் தொப்பியைக் கழற்றினார். வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியவளுக்கு, ஒருவர் தானாகத் திரும்பிப் போய்விடுவாரோ என்று பயம் வந்தது.

மாடிப்படியில் காலடி கேட்டது. கீழே பெண்கள் கொடுத்தனுப்பிய சூப் பாத்திரத்தோடு ஆந்துவான் வாசலில் நின்றார். ஐரேன் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அவுங்க சொன்னத நம்பாதீங்க முசியே. களிம்பு போட்டு முகம் வெந்துபோச்சு. அதுக்குத்தான் மஞ்ச."

"தெரியுதுங்க" என்றார் அவர், பாத்திரத்தை மேசைமேல் வைத்தபடி. "பிள்ளைக்கு அப்பா யாருன்னு கேட்டாங்க. நாந்தான்னு சொல்லிட்டேன். இப்ப நீங்க மாட்டேன்னுட்டா, நான் இந்தத் தெருவுல எப்புடி நடக்குறது?"