கண்ணை மட்டும் விட்டுவிடச் சொன்னவர்கள்

விசுவாசக் குடும்பத்தார் எல்லாருக்கும் எஸ்தரின் ஸ்தோத்திரங்கள். எனக்குப் பிரசங்கம் செய்யத் தெரியாது. சண்டை போடத்தான் தெரியும், அது கணபதி ஏரியாவில் எங்கள் வீதி முழுக்கத் தெரிந்த விஷயம். ஆண்டவரோடும் சண்டை போட்டேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் ஜூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. இரண்டாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகள் பெனினா, ஸ்கூல் வேனிலிருந்து இறங்கும்போதே இடது காதைப் பொத்திக்கொண்டு இறங்கினாள். கையை எடுத்துப் பார்த்தேன். காது மடலில் ரத்தம் காய்ந்திருந்தது. சட்டைக் காலரிலும் ஒரு சொட்டு. என்ன கேட்டும் வாய் திறக்கவில்லை. சாயங்காலம் முழுக்கக் கெஞ்சிய பிறகு, "வாய்ப்பாடு தப்பாச் சொல்லிப்போட்டேம்மா. மிஸ் அறைஞ்சுட்டாங்க. நீங்க திட்டாதீங்கம்மா" என்றாள். அடியும் வாங்கிக்கொண்டு, என் திட்டுக்கும் பயந்துகொண்டு அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

செவிப்பறை கிழிந்திருக்கிறது, உள்ளே நரம்பும் அடிபட்டிருக்கலாம் என்றார் டாக்டர். மறுநாள் நானும் என் கணவர் சாமுவேலும் பள்ளிக்கூடம் போனோம்.

"விளையாடறப்ப டெஸ்க்குல இடிச்சுக்கிட்டாளுங்க. குழந்தைங்கன்னா இதெல்லாம் சகஜந்தானுங்களே" என்றார் தலைமை ஆசிரியை. நான் விடவில்லை. கத்தினேன். என்னோடு பேசி ஆகாது என்று அவர் சாமுவேல் பக்கம் திரும்பினார்.

"அட்மிஷனப்ப இதே ரூம்ல நின்னு நீங்க என்னங்க சொன்னீங்க? 'கண்ணு ரெண்ட மட்டும் உட்டுப்போட்டுத் தோல உரிச்சுப்போடுங்க மிஸ்'னு சொன்னீங்களா, இல்லீங்களா?"

சொன்னார். நானும் பக்கத்தில் நின்று சிரித்தேன். எங்கள் பக்கத்தில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடும்போது அப்படிச் சொல்லாத அப்பன் உண்டா? உங்களை நம்பி விடுகிறோம் என்பதை மரியாதையாகச் சொல்லும் பேச்சு அது. யாராவது நிஜமாகவே தோலை உரிப்பார்கள் என்று நினைத்தா சொல்கிறோம்?

சாமுவேல் லேத் பட்டறையில் வேலை செய்பவர். மிஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியதால் வீட்டிலும் மைக் வைத்த மாதிரிதான் பேசுவார். அந்த மனுஷன் அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார். அதோடு வீட்டில் அவர் சத்தம் நின்றுவிட்டது. வேலைக்குப் போவார், வருவார், சாப்பிட்டுவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். பிள்ளை முகத்தை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. குடும்ப ஜெபத்துக்குக் கூப்பிட்டால், "நீங்க பண்ணுங்க" என்று எழுந்து போய்விடுவார்.

போலீசிலும் கல்வி அலுவலகத்திலும் நான்தான் எழுதிக் கொடுத்தேன். ஆசிரியை அடிக்கவே இல்லை என்றார். கூடப் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டால், பார்க்கவில்லை என்றார்கள். வீட்டில் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். வேன் நிற்கும் இடத்தில் ஒரு அம்மா மட்டும் என் காதோடு சொன்னார்: "எம் புள்ளயும் அடி வாங்கறாதானுங்க அம்மணி. வெளிய சொன்னா டிசி குடுத்துப்போடுவாங்க. நாங்க எங்க போறதுங்க?" சொல்லிவிட்டு, அடுத்த நாளிலிருந்து என்னைக் கண்டால் எதிர்ப்புறம் போய் நின்றுகொண்டார்.

உபவாசம் இருந்தேன். காது கேட்க வேண்டும், அது ஒன்றுதான் என் ஜெபம். எண்ணெய் பூசி ஜெபித்தோம். சபையே ஜெபித்தது. அக்டோபரில் டாக்டர் மறுபடியும் சோதித்துப் பார்த்துவிட்டு, "இந்தக் காதுல இனிக் கேக்கறது கஷ்டம்மா" என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து முழங்காலில் நின்றேன். ஜெபம் வரவில்லை. "உமக்கும் காது கேட்காதா?" என்று கேட்டுவிட்டு எழுந்துவிட்டேன். அடுத்தடுத்த வாரங்கள் ஆராதனைக்குப் போனேனே தவிர, வாய் திறந்து ஒரு பாட்டுப் பாடவில்லை.

சபையில் ஒரு சகோதரி, "மன்னிச்சு உட்ருங்க சிஸ்டர், சமாதானம் கெடைக்கும்" என்றார். நல்ல மனசுதான். ஆனால் மன்னிப்பதற்கு முதலில் தப்பு நடந்தது என்று ஒருவராவது சொல்ல வேண்டாமா? எங்கள் பிள்ளை பொய் சொல்கிறாள் என்றல்லவா ஊர் முடிவு கட்டியிருந்தது.

அப்போதுதான் ஜெபத்தை மாற்றினேன். பெரிதாகக் கேட்க எனக்குத் தெம்பில்லை. "ஆண்டவரே, ஒரே ஒரு வாய் திறக்கட்டும். இந்தப் பிள்ளை சொல்வது நிஜம் என்று ஒரு ஆள் எழுந்து சொல்லட்டும்." வேன் ஸ்டாப் அம்மாவைத்தான் மனதில் வைத்துக் கேட்டேன். நடக்கும் என்ற நம்பிக்கை, உண்மையைச் சொன்னால், எனக்கு இல்லை.

நவம்பரில் விசாரணைக்காக ஒரு அதிகாரியம்மா வந்தார். பெற்றோரையெல்லாம் பள்ளி ஹாலில் உட்கார வைத்தார்கள். சாமுவேலை வற்புறுத்திக் கூட்டிப் போயிருந்தேன். பட்டறைச் சட்டையோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தார். "வேற யாரோட குழந்தையையாவது அடிச்சிருக்காங்களா?" என்று அதிகாரி கேட்டார். வேன் ஸ்டாப் அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைமை ஆசிரியை மறுபடியும் அதே பேச்சை எடுத்தார். "அடிச்சு வளர்க்கச் சொல்றதே இவங்கதானுங்க மேடம். இவரு சொன்னதுக்கு நானே சாட்சி."

இனி ஒன்றுமில்லை என்று முந்தானையை இழுத்துக்கொண்டு எழப் போனேன். பின்னாலிருந்து அந்தப் பட்டறைக் குரல் கேட்டது.

"சொன்னனுங்க. எங்கப்பன் என்னய உடறப்பச் சொன்னாரு, நானும் சொல்லிப்போட்டேன். நாலு மாசமா அந்தச் சொல்லுதானுங்க என்னயத் தின்னுட்டிருக்குது. இங்க உக்காந்திருக்கறவங்கள்ல அப்படிச் சொல்லாதவங்க இருந்தா கை தூக்குங்க பாக்கலாம்."

ஒரு கை எழவில்லை.

"அப்பறமென்னங்க? நாம சொன்னது வாய்ப்பேச்சு. அவங்க அடிச்சது நம்ம புள்ளைங்கள. எம் புள்ள பொய் சொல்லலீங்க. தப்புச் சொன்னது நானுங்க." அவர் அழுதார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

வேன் ஸ்டாப் அம்மா எழுந்தார். "நானும் சொன்னவதானுங்க" என்றார். "எம் புள்ள முதுகுல தடம் இருக்குதுங்க மேடம்." அப்புறம் இன்னொருவர் எழுந்தார்.

பிரியமானவர்களே, இதற்கு மேல் பெரிய அற்புதம் ஒன்றும் என்னிடம் இல்லை. ஆசிரியையை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வழக்கு நடக்கிறது, என்ன ஆகும் என்று தெரியாது. பெனினாவை வேறு பள்ளியில் சேர்த்திருக்கிறோம். இடது காது கேட்கவில்லை. அதற்காக இன்னமும் ஜெபிக்கிறேன், சில நாள் கோபத்தோடுதான். ஆனால் ஒரு வாயைக் கேட்டேன், கர்த்தர் திறந்தார். நான் குறித்து வைத்திருந்த வாயை அல்ல, என் வீட்டிலேயே அடைத்துக் கிடந்த வாயை முதலில் திறந்தார். அதற்காக அவருக்கு நன்றி சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. கேட்க வாய் வராத நிலையில் யாராவது இதைப் படித்தால், சின்னதாக ஒன்றைக் கேளுங்கள். கோபமாகவே கேளுங்கள். அவர் தாங்குவார். பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள் அந்தப் பழைய பேச்சை மட்டும் சொல்லாதீர்கள்.

விசாரணை முடிந்து வந்த அன்று சாயங்காலம், குடும்ப ஜெபத்துக்குச் சாமுவேல் தானாக வந்து பெனினா பக்கத்தில் உட்கார்ந்தார். ஏதோ மெதுவாகச் சொன்னார். அவள் புரியாமல் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இந்தப் பக்கம் வாங்கப்பா. அந்தக் காதுல கேக்காது."

அவர் எழுந்து அவள் வலது பக்கம் போய் உட்கார்ந்தார். அன்றிலிருந்து அதுதான் அவர் இடம்.