சைனா செல்லும் ஒரு குடம் தண்ணீரும்

கொளஞ்சியப்பன் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் சூளைக்காரர். எதற்கும் அசராத ஆள். மனைவி ஆதிலட்சுமிக்கு மறதி நோய் வந்தபோதுதான் ஆடிப்போனார். ஆதிலட்சுமிக்குச் சாப்பிட்டது மறந்தது, வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் பேர் மறந்தது, கடைசியில் தாகமே மறந்துவிட்டது. தண்ணீர் குடிக்காமல் சிறுநீரில் கிருமி சேர்ந்து, இரண்டு முறை ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

“ரெண்டு மணிக்கொருக்கா தண்ணி குடுங்க. இன்னொரு தடவ வந்து ரத்தத்துல கலந்துட்டா காப்பாத்துறது கஷ்டங்க” என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

சொல்வது சுலபம். காலை ஷிப்டுக்கு இவர் போய்விட்டால் வீட்டில் வேறு யார்? அது 2008. யோசித்து யோசித்து ஒரு சைனா செல் வாங்கினார். “ஆதி, தண்ணி குடி” என்று தன் குரலையே பதிந்து, ஷிப்டு நேரத்தில் இரண்டு மணிக்கொரு தரம் அலாரமாக அடிக்கும்படி வைத்தார். தெருவையே கூட்டிவிடும் சத்தம். “எம் பொண்டாட்டிக்கு இனி செல்லே தண்ணி குடுக்கும்” என்று கம்பெனி முழுக்கத் தம்பட்டம் அடித்தார், பாவம்.

மதியம் வந்ததும் குடத்தைத்தான் பார்ப்பார். பாதி குறைந்திருக்கும். அப்பாடா என்றிருக்கும்.

பத்து நாள் போயிற்று. லீவு நாளில் உள்ளறையில் படுத்திருந்தார். கூடத்தில் செல் கூப்பிட்டது. ஆதிலட்சுமி பரபரவென்று எழுந்து, டம்ளரில் தண்ணீர் மொண்டு செல்லுக்கு முன்னால் வைத்தார்.

“வந்ததும் வராததுமா என்னா பேச்சு? மொதல்ல நீங்க குடிங்க.”

காத்து நின்றார். பிறகு அதைக் கொல்லையில் கொட்டிவிட்டு, புதிதாக மொண்டுவந்து வைத்தார். வேலைக்குப் போய் வந்த புருஷன் குடிக்காமல் முப்பத்தைந்து வருஷமாக ஒரு வாய் தண்ணீர் குடித்தவரில்லை. எல்லாம் மறந்தும் அது மட்டும் மறக்கவில்லை.

கொளஞ்சியப்பன் ஓடிவந்து கையைப் பிடித்தார். அனலாய்க் கொதித்தது. நாள் முழுக்க நெருப்போடு நிற்கிற மனுசனுக்கு இந்தச் சூடு தெரியாமல் போயிற்றே!

கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். மறுநாள் ஆஸ்பத்திரியில், அவர் சட்டைப்பையிலிருந்து செல் கூப்பிட்டது: “ஆதி, தண்ணி குடி.”

ஊசி குத்தியிருந்த கை மெல்ல எழுந்து டம்ளரைக் காட்டியது. பிறகு அவரைக் காட்டியது.

அழுதுகொண்டே முழுவதையும் குடித்தார். “நான் குடிச்சிட்டேன் ஆதி. இப்ப நீ குடி” என்று ஸ்பூனில் ஊட்டினார்.

தண்ணீர் கடைவாய் வழியாகத் தலையணையில் இறங்கியது.