கம்பவுண்டர் சொல்லாத இலை

கம்பவுண்டர் யோசுவா நல்லவர்தான், யார் இல்லையென்றது? ஆனாலும் அந்த மனுஷன் செய்த காரியத்தை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

நாகர்கோவில் பக்கத்து ஆள். பெண்டாட்டி ராகேல் பிள்ளை பெறாமலே போய்ச் சேர்ந்தாள். அதற்கப்புறம் மலையாளச் சீமையிலே பழவங்காடியில் ஒரு டாக்டரின் டிஸ்பென்சரிக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறையில் பதினைந்து வருஷம். நாள் முழுக்க அவர் வாயில் வந்தது 'மூணு வேளை, ஆகாரத்துக்குப் பிறகு' என்பதுதான். சாயங்காலம் கடையைச் சாத்தினால் அந்த வார்த்தைக்கும் ஆளில்லை.

சனிக்கிழமை தோறும் அக்ரகாரத்து விஜயம் வருவாள். விதவை, தனிக்கட்டை. அப்பளம் இட்டுக் கடைக்குப் போட்டு வயிற்றைக் கழுவுகிறவள். விரல்களில் வாதம். ஆஸ்பிரின் பொடி தின்றால் விரல் மடங்கும், வயிறு எரியும். பொடியை விட்டால் அப்பளம் இல்லை; அப்பளம் இல்லையென்றால் திருநெல்வேலியில் கொழுந்தன் வீட்டுச் சோறு. அதற்கு வயிறு வெந்தே சாகலாம் என்பாள்.

மணத்தக்காளி இலையை அரைத்துச் சாறு குடித்தால் எரிச்சல் அடங்கும் என்று யோசுவாவுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் அவளே அரைத்துக்கொள்வாளே! பாவி மனுஷன், தானே அரைத்து வடிகட்டி, மருந்துக் குப்பியில் ஊற்றி, வேளைக்கு வேளை அளவு காட்டும் காகிதமும் ஒட்டி, 'வயிற்றுக்கு மருந்து, ரெண்டு நாளைக்கு மேல் கெட்டுப்போகும்' என்று நீட்டினார். மருந்துக்குத் தீட்டேது? குடித்தாள். எரிச்சல் அடங்கிற்று.

அன்றிலிருந்து ஒன்றுவிட்டு ஒருநாள் வந்தாள். உளுந்து விலை, அப்பளத்தைத் தூக்கிப்போன காக்காய் என்று கால்மணி நேரம் பேசுவாள். அந்த நாட்களில் யோசுவா முகச்சவரம் செய்துகொள்வார்.

இரண்டு வருஷம் இப்படியே ஓடிற்று. ஒரு ஆடி மாசத்துக் கர்க்கடக மழையில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. பன்னிரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தார். பதிலுக்கு வந்தவன் மருந்துப் புஸ்தகத்தைப் புரட்டிப் பார்த்தான். பொடி எழுதியிருந்தது, குப்பி இல்லை. பொடியை மட்டும் கொடுத்தனுப்பினான். வயிறுதான் சரியாகிவிட்டதே என்று அவளும் தின்றாள். பத்தாம் நாள் ரத்தமாக வாந்தியெடுத்தாள்.

எழுந்து நடக்க முடிந்ததும் யோசுவா அக்ரகாரத்துப் பின்சந்து வழியாகப் போனார். அவள் வீட்டுக் கிணற்றடியில் முழங்கால் உயரத்துக்கு மணத்தக்காளி மண்டிக் கிடந்தது. கொல்லைப்படியில் அவள் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள். இனிப் பொடியே கூடாதென்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். கொழுந்தன் வந்திருக்கிறானாம்.

"நான் தந்தது மருந்தில்லம்மா. இந்த இலைதான். சொன்னா நீங்க வரமாட்டீங்கன்னு..." கிணற்றடிச் செடியைக் காட்டினார்.

விஜயம் செடியைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள்.

"சொல்லியிருந்தா நானே அரைச்சுக் குடிச்சிருப்பேன். குடிச்சுட்டும் வந்திருப்பேன், கம்பவுண்டரே. எனக்கு மட்டும் பேச யார் இருக்கா?"

மறுநாள் செங்கோட்டை வண்டியில் கொழுந்தன் அவளைத் திருநெல்வேலிக்கு அழைத்துப்போனான்.